மீசை வைத்த முருகன்

காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தேன். படியில் மீசை வைத்த முருகன் உட்கார்ந்திருந்தார். கேலிக்குச் சொல்லவில்லை. முழங்கால் உயரத்துக்கு ஒரு களிமண் பொம்மை. மயில்மேல் ஒரு காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்த வாலிபன். சுருட்டை முடியை நடு வகிடெடுத்து வாரி, பென்சிலால் இழுத்ததுபோல மெல்லிய மீசை வைத்து, விசிறி மடிப்பாகக் கொசுவம் விட்ட வேட்டி கட்டியிருந்தார். கையில் வில். வேல் இல்லை, கோவணம் இல்லை, விபூதிப் பட்டை இல்லை. கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாப்பிள்ளையை யாரோ பாதி வழியில் என் வீட்டில் இறக்கிவிட்டுப் போனதுபோல இருந்தது. இரவு தூறல் போட்டிருந்தது. தலை நனையக் கூடாது என்று மேலே ஒரு வாழையிலையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அந்த அக்கறைதான் எனக்கு முதலில் எரிச்சலை உண்டாக்கியது.

ஊரில் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தமான் என்றால் உங்களில் பாதிப் பேருக்குச் சிறைச்சாலை, மீதிப் பேருக்கு நரமாமிசம். நாங்கள் இருந்த பெரார்கஞ்சில் இரண்டும் கிடையாது. நெல் வயல், பாக்குத் தோப்பு, சேறு, அட்டை, தகரக் கூரை, போர்ட் பிளேருக்குப் போகும் பஸ். அவ்வளவுதான். எங்களைச் சுற்றி இருந்தவர்கள் கிழக்கு வங்காளத்திலிருந்து எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்து, சர்க்கார் காட்டை வெட்டிக் கொடுத்த நிலத்தில் குடியேறியவர்கள். நான் அங்கே டிஸ்பென்சரியில் மிட்வைஃப். தமிழில் மருத்துவச்சி. என் கணவர் செல்லையா, ரோடு போடும் இடத்தில் கூலியாட்களுக்கு மேஸ்திரி. எங்களுக்குக் குழந்தை இல்லை. ஊருக்கெல்லாம் பிரசவம் பார்க்கிறவளுக்குப் பிள்ளை இல்லையே என்று உங்களுக்கு ஒரு பெருமூச்சு வரும். வர வேண்டாம். கொத்தனார்கள் எல்லோருக்கும் சொந்த வீடா இருக்கிறது?

என் பின்னால் வந்து எட்டிப் பார்த்த செல்லையா இரண்டடி பின்வாங்கினார்.

"தொடாத. என்னத்த மந்திரிச்சு வச்சிருக்கானுவளோ."

"மந்திரிச்சு வைக்கவன் எலுமிச்சம்பழம் வைப்பான், மயிலா வைப்பான்?" என்றேன். எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. பிள்ளையில்லாதவள் வாசலில் பொம்மையைக் கொண்டுவந்து வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் யாரும் விளக்க வேண்டியதில்லை. அதிலும் அது கந்த சஷ்டி வாரம். அந்த வருஷம் தீபாவளி பின்தள்ளி வந்ததால், ஐப்பசி முடியும்போது நான் சஷ்டி விரதத்தின் நடுவில் இருந்தேன். வயிற்றில் பாலும் பழமும், தலைக்குள் பசி. அந்த நேரத்தில் இப்படி ஒரு அலங்காரப் புருஷன்.

விரதம் என்றதும் என்னைப் பக்தை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த விரதம் என் மாமியார் போட்ட வழக்கம். திருச்செந்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து ஒவ்வொரு சஷ்டிக்கும் என்னை அந்தக் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போவார். ஈர மணலில் உட்கார வைப்பார். சூரன் தலை மாற்றி மாற்றி வருவான், வேல் பாயும், மாமரம் பிளந்து ஒரு பாதி மயிலாகவும் மறு பாதி சேவலாகவும் ஆகும், கூட்டம் அரோகரா என்று கத்தும். மாமியார் என் வயிற்றைப் பார்ப்பார். சில வருஷங்கள் இப்படிப் போயிற்று. அப்புறம் அவர் கடற்கரையை விட்டுவிட்டு மறுநாள் நடக்கும் திருக்கல்யாணத்தில் அக்கறை காட்ட ஆரம்பித்தார். சாமிக்குத் தெய்வானையோடு கல்யாணம் முடிந்து நாங்கள் வீட்டுக்குத் திரும்பிய ஒரு மத்தியானம், அரிசி புடைத்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்:

"சாமிக்கே ரெண்டு. எம்மவனுக்கு ரெண்டுன்னா குத்தமா, ஏட்டி?"

பெண் கூடப் பார்த்து வைத்திருந்தார். எங்கள் சாதியிலேயே, அடுத்த தெருவிலேயே. புராணத்தை இப்படியும் வாசிக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சூரனை ஜெயித்துக் கொடுத்ததற்காக இந்திரன் தன் பெண்ணைக் காண்ட்ராக்ட் முடித்த ஆளுக்குப் போனஸ் கொடுப்பதுபோலக் கொடுத்தான். அது போதாது என்று தினைப்புனத்தில் கிழவன் வேஷம் போட்டு, அண்ணனை யானையாக வரவழைத்துப் பயமுறுத்தி இன்னொருத்தி. ஊர் முழுக்க இதைப் பாட்டாகப் பாடிக் கண்ணீர் விடுகிறார்கள். தெய்வானையிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? நான் அந்த வாரமே அந்தமானுக்கு மிட்வைஃப் வேலைக்கு மனுப் போட்டேன். செல்லையா அம்மாவுக்கு முடியாது என்றும் சொல்லவில்லை, எனக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை. மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறும்போது திரும்பிப் பார்த்தேன். டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தார். அது என்மேல் வைத்த பாசமா, அம்மாவிடம் தனியாக மாட்டிக்கொள்ளும் பயமா என்று நான் கேட்கவில்லை. தீவுக்கு வந்த பிறகும் ஒவ்வொரு கப்பலிலும் யாராவது ஒரு ஊர்க்காரர் "அம்மா கேக்கச் சொன்னாவ" என்று வந்து நிற்பார். செல்லையா தலையைச் சொறிவார். நான் உள்ளே போய்விடுவேன்.

வாசலுக்கு வருகிறேன். பொம்மையைத் தூக்கி வேலிக்கு வெளியே வைத்துவிடலாம் என்று குனிந்தபோது, எதிர் வயலிலிருந்து பாருல் ஓடிவந்தாள். பாருல் எனக்கு அடுத்த வீட்டுக்காரி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். ஆனாலும் அந்த ஊரில் எல்லோரும் கூப்பிடுவதுபோல என்னை நர்ஸ் தீதி, நர்ஸ் அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய கடைசி இரண்டு பிள்ளைகளும் என் கையில் விழுந்தவை. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளி தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது தீவு ஹிந்தி. அதை இரண்டு பேருமே கொலை செய்வோம்.

"ஃபேக்னா மத், தீதி! ஃபேக்னா மத்!" எறியாதே, எறியாதே என்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

"கோன் ரக்கா இதர்?" யார் இங்கே வைத்தது என்று கேட்டேன்.

"கோயி நஹி ரக்கா. கார்த்திக் டாக்குர் குத் ஆயா." யாரும் வைக்கவில்லையாம், கார்த்திக் சாமி தானாக வந்ததாம். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். வேலிக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்களின் சிரிப்பு கேட்டது. பிறகு பாருல் என் வயிற்றைக் காட்டி, "பேட்டா தேகா!" என்றாள்.

எனக்கு அந்தச் சொல் 'மகனைப் பார்த்தாயா?' என்று காதில் விழுந்தது. என் மாமியார் கூட இத்தனை நேராகக் கேட்டதில்லை. "மேரா பேட்டா நஹி ஹை, துமாரா பேட்டா தேக்கோ, ஜாவ்!" என்று கத்தினேன். எனக்கு மகன் இல்லை, நீ போய் உன் மகனைப் பார் என்று. பாருலின் முகம் விழுந்துவிட்டது. அப்போதும் அவள் போகவில்லை. படியில் உட்கார்ந்து, கையை ஏந்தி, அதில் எதையோ வைத்துக் கொடுப்பதுபோலச் செய்து காட்டி, மறுபடியும் நிதானமாகச் சொன்னாள். தேகா. கொடுப்பார். மகனைக் கொடுப்பார். நம்முடைய எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'தே', ஒரே 'கா'தான். அந்த ஒரு எழுத்துச் சிக்கலில் அன்றைக்கு ஒரு சிநேகம் போக இருந்தது.

அவர்கள் வழக்கம் பிறகுதான் புரிந்தது. வங்காளிகளுக்குக் கார்த்திகை மாதம் முடியும் நாளில் கார்த்திக் பூஜை. அது நமக்கு ஐப்பசிக் கடைசி. புதிதாகக் கல்யாணமானவர்கள், பிள்ளையில்லாதவர்கள் வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தார் யாருக்கும் தெரியாமல் இந்தச் சாமியை வைத்துவிட்டுப் போவார்கள். வந்த சாமியை விரட்டக் கூடாது. உள்ளே எடுத்துப் பூஜை செய்ய வேண்டும். வைத்தவர்களுக்குச் சாப்பாடும் போட வேண்டும். பாதி குறும்பு, பாதி பிரார்த்தனை. தங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் வைப்பார்களாம். "தும் ஹமாரா ஆத்மி," என்றாள் பாருல். நீ எங்கள் ஆள். எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. பிள்ளையில்லாத ஒருத்தி கிடைத்துவிட்டால் எந்த ஊர்ச் சாமிக்கும் வேலை வந்துவிடுகிறது. ஆனாலும் பொம்மையை வேலிக்கு வெளியே வைக்கக் கை வரவில்லை. செல்லையாதான் கடைசியில் அதைத் தூக்கினார். மந்திரித்தது என்று பயந்தவர், கைக்குழந்தையைத் தூக்குவதுபோல மார்பில் சாய்த்து, தலைக்கு ஒரு கை கொடுத்து உள்ளே கொண்டுபோனார்.

பாருலுக்கு எங்கள் முருகனைப் பற்றிச் சொன்னேன். சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டி, இது வள்ளி, இது தெய்வானை என்றேன். அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது.

"தோ பீவி? கார்த்திக் கா தோ பீவி?" இரண்டு பெண்டாட்டியா? அவர்கள் கார்த்திக் கல்யாணமே செய்துகொள்ளாதவராம். அதற்கும் ஒரு கதை வைத்திருந்தாள். கல்யாணத்துக்குப் புறப்பட்ட கார்த்திக், எதையோ மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினாராம். உள்ளே அம்மா துர்க்கை பத்துக் கையாலும் அள்ளி அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். ஏன் அம்மா இப்படி என்று கேட்டால், மருமகள் வந்துவிட்டால் எனக்குச் சோறு கிடைக்குமோ கிடைக்காதோ, இன்றைக்கே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றாளாம். பிள்ளை அந்த இடத்திலேயே கல்யாணத்தை விட்டுவிட்டார். பாருல் இதைச் சொல்லி உருகினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கே மருமகளே வேண்டாம் என்று பயப்படும் அம்மா. இங்கே ஒன்று போதாது என்று பெண் தேடும் அம்மா. கடலுக்கு இரண்டு பக்கமும் மாமியாருக்குத் தகுந்தபடிதான் சாமியைச் செய்திருக்கிறார்கள். பிள்ளையே இல்லாத கட்டைப் பிரம்மச்சாரியிடம் போய்ப் பிள்ளைவரம் கேட்கும் சாமர்த்தியத்தைப் பற்றி நான் பாருலிடம் எதுவும் கேட்கவில்லை.

இதெல்லாம் ஒரு வீட்டுக்குள் முடிந்திருக்க வேண்டிய விஷயம். முடியவில்லை. பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருந்த நம்மவர் ஒருவர் அன்று காலை சாமான் வாங்கப் போர்ட் பிளேருக்குப் போனார். மத்தியானத்துக்குள் செய்தி காண்ட்ராக்டர் வேலாயுதத்திடம் போய்விட்டது.

வேலாயுதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். மரக் காண்ட்ராக்டர். போர்ட் பிளேரில் தமிழர்கள் சேர்ந்து கட்டிய சின்ன முருகன் கோவிலுக்குக் கமிட்டித் தலைவர். கோவில் என்றால் தகரக் கூரை போட்ட ஒரு ஹால், மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வந்த வேல், காண்ட்ராக்டர் பெயரைச் சாமி பெயரைவிடப் பெரிதாக வெட்டிய ஒரு கல். எனக்கு அந்தக் கோவில் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதத்தில் ஒரு நாள் பஸ் பிடித்துப் போய், செருப்பைக் கழற்றும் இடத்தில் நின்று யாராவது தமிழில் சண்டை போடுவதைக் கேட்டுவிட்டு வந்தாலே எனக்கு ஒரு மாதத்துக்குப் போதும். அந்த வருஷம் முதல்முறையாகத் திருக்கல்யாணம் நடத்துவதாக இருந்தார்கள். சீர்த்தட்டு எடுக்கப் பெண்கள் வேண்டும் என்று கேட்டார்கள். ஆசையாகப் பெயர் கொடுத்தேன். அதற்கு முந்தின வாரம் காண்ட்ராக்டர் மனைவி சரோஜா என்னைத் தனியே கூப்பிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"தப்பா எடுத்துக்காதீங்க நர்சம்மா. புள்ள பெத்தவங்கதான் தட்டு எடுக்கணுமாம். நல்ல காரியமில்லையா."

அவள் பிடித்திருந்த அதே கையால்தான் அவளுடைய இரட்டைப் பிள்ளைகளை வெளியே எடுத்தேன். இரண்டாவது குறுக்கே கிடந்தது. அன்றைக்கு இந்தக் கை நல்ல காரியத்துக்கு ஆகும் கைதானா என்று யாரும் கேட்கவில்லை. சரோஜாவிடமிருந்து கையை விடுவித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

சாயங்காலம் பூஜைக்குப் பாருலும் ஆறேழு பெண்களும் தேங்காய் உருண்டை, பழம், சங்கு எல்லாம் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். பொம்மையை மரப் பெட்டிமேல் வைத்து விளக்கேற்றினோம். அவர்கள் நாக்கைச் சுழற்றி உலு உலு என்று குலவையிட்டார்கள். அதே நேரத்தில் காண்ட்ராக்டருடைய ஜீப் சேற்றைத் தெறித்துக்கொண்டு வந்து நின்றது. அவரோடு கமிட்டி ஆட்கள் இரண்டு பேர். செருப்போடு படியேறினார்.

"என்ன நர்சம்மா இது அக்கிரமம்? நம்ம முருகனுக்கு மீசை! கிராப்பு! இத ஒங்க வாசல்ல வச்சு நக்கல் பண்ணியிருக்கானுக. நீங்க விளக்கேத்திக்கிட்டு நிக்கிறீங்க!"

"நக்கல் இல்ல. அவங்க வழக்கம்," என்றேன்.

"வழக்கமாவது! சர்க்கார் நர்ஸ், தமிழ்ப் பொம்பள, அதுவும் புள்ள இல்லாத பொம்பள. மனசு நோகப் பண்ணிட்டானுகன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன். நேரா தாசில்தார் ஆபீஸ்ல ரிப்போர்ட். நாளைக்கே போலீஸ் வரும். யாரு வச்சான்னு இந்த வீடுகள்ல விசாரிக்கும்."

அவருடைய பக்தி எங்கிருந்து ஊறுகிறது என்று எனக்குத் தெரியும். அவருடைய மர லாரிகள் பாருல் வீட்டு வயல் வரப்பை உடைத்துக்கொண்டு போய்வந்தன. அந்த மழைக்காலத்தில் இவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து குறுக்கே மூங்கிலைக் கட்டி வழியை மறித்திருந்தார்கள். போலீஸ் ஒருமுறை உள்ளே வந்தால் மூங்கிலும் போகும், நிலம் போகும் என்ற பயத்தில் இவர்களும் அடங்குவார்கள். ஏற்கெனவே ஒருமுறை நிலத்தை விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள். அவர்களுக்குத் தமிழ் புரியாது. ஆனால் போலீஸ் என்ற சொல் எல்லாப் பாஷையிலும் ஒன்றுதான். பாருல் சங்கைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மற்ற பெண்கள் சுவரோடு சுவராக ஒதுங்கினார்கள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன்," என்றேன். "முருகனைப் பெத்தது யாரு?"

"இதென்ன கேள்வி? பார்வதி."

"பார்வதி பெக்கல. ஈசுவரன் நெத்திக்கண்ணுல இருந்து ஆறு பொறி. சரவணப் பொய்கையில ஆறு புள்ள. தூக்கிப் பால் குடுத்தது ஆறு கார்த்திகைப் பொண்ணுங்க. ஆறு பேர்ல ஒருத்தியும் பெத்தவ இல்ல. அவங்க பேருதான் சாமிக்கு. கார்த்திகேயன். இவங்க கார்த்திக்குன்னு கூப்பிடுறதும் அதத்தான். அந்த ஆறு பேரும் இன்னைக்கு ஒங்க கோவிலுக்கு வந்தா, சீர்த்தட்டத் தொட விடுவீங்களா, செருப்புக்குப் பக்கத்துல நிறுத்துவீங்களா?"

காண்ட்ராக்டர் கமிட்டி ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். நான் விடவில்லை. பசியும் ஒரு காரணம். வள்ளியைக் கிழங்குக் குழியிலிருந்து எடுத்தார்கள், பிள்ளையாரை அம்மா உடம்பு அழுக்கில் உருட்டினாள், அந்தக் குடும்பத்தில் ஒழுங்காகப் பிரசவமானவர்கள் யாருமே இல்லை, நான் அங்கே மிட்வைஃபாகப் போயிருந்தால் பட்டினிதான் என்றேன். கமிட்டி ஆட்களில் ஒருவர் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"சாமிய வச்சு நாத்திகம் பேசுறீங்க," என்றார் காண்ட்ராக்டர். "பொம்பளகிட்ட எனக்கென்ன பேச்சு. ஏய்யா செல்லையா, நீரு என்ன வாய மூடிக்கிட்டு நிக்கிறீரு? இத எடுத்துக் கடாசும்." சொல்லிக்கொண்டே தானே பொம்மையை எடுக்கக் குனிந்தார்.

செல்லையா அதுவரை சமையல்கட்டு நிலையில் சாய்ந்து நின்றிருந்தார். எங்கள் கல்யாணமான நாளிலிருந்து அவர் நின்ற இடம் அதுதான். எந்தப் பக்கமும் சேராத நிலைப்படி. அவர் நடந்து வந்து பெட்டிக்கும் காண்ட்ராக்டருக்கும் நடுவில் நின்றார்.

"தொடாதிய."

"என்னது?"

"எங்க வீட்டுக்குன்னு ஒரு புள்ள வந்திருக்கு. மண்ணோ, மீசையோ. வெளிய போட மாட்டேன். செருப்பக் கழத்திட்டு வந்தா ஒரு உருண்டை தின்னுட்டுப் போங்க. இல்லன்னா எறங்குங்க."

காண்ட்ராக்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு இறங்கினார். ஜீப் நகரவில்லை, சக்கரம் சேற்றுக்குள் போய்விட்டிருந்தது. வயலிலிருந்து வந்த பாருலின் புருஷனும் மற்ற ஆண்களும் தள்ளிவிட்டார்கள். அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் கிளம்பிப் போனார். நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். அழுகை வந்தது. என்னை நினைத்து இல்லை, காண்ட்ராக்டரை நினைத்தும் இல்லை. ஒரு புள்ள வந்திருக்கு என்று அந்த மனுஷன் சொன்னாரே, அத்தனை வருஷமும் அந்த ஆசையை அவர் எங்கே வைத்திருந்தார் என்று நினைத்தேன். பிள்ளைக்காக ஏங்குவது நான் மட்டும்தான், எனக்காகத்தான் அவர் சும்மா இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பாருல் என் வாயில் ஒரு தேங்காய் உருண்டையை வைத்தாள். சூரசம்ஹாரத்துக்கு முதல் நாளே என் சஷ்டி விரதம் அத்தோடு முறிந்தது. அதற்குப் பிறகு நான் அந்த விரதம் இருந்ததே இல்லை.

அற்புதம் எதிர்பார்த்து இதுவரை வாசித்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். குழந்தை வரவில்லை. அவர்கள் அடுத்த வருஷமும் ஒரு பொம்மையை வைத்தார்கள், அதற்கடுத்த வருஷமும் வைத்தார்கள். பிறகு அவர்களுக்கே சலித்துப்போயிற்று. முதல் பொம்மையை ஓடையில் கரைக்க வேண்டும் என்றாள் பாருல். செல்லையா கொடுக்கவில்லை. பெட்டிமேலேயே இருந்து, தீவின் ஈரத்தில் பூசணம் பிடித்து, மீசை உதிர்ந்து, உள்ளேயிருந்த வைக்கோல் தெரிய ஆரம்பித்த பிறகுதான் ஒரு மழைநாளில் அவரே கொண்டுபோய்க் கரைத்துவிட்டு வந்தார். வந்து, கையைக் கழுவாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஊர்க்காரர் அடுத்த தடவை "அம்மா கேக்கச் சொன்னாவ" என்று வந்தபோது தலையைச் சொறியவில்லை. "அந்தப் பேச்சே வேண்டாம்னு நான் சொன்னேன்னு சொல்லிரும்" என்றார். அவ்வளவுதான் கார்த்திக் எனக்குக் கொடுத்தது. பாருலிடம் சொன்னால், பேட்டாவுக்குப் பதிலாகப் புருஷனையாவது கொடுத்தாரே என்று அதற்கும் ஒரு பூஜை வைப்பாள். சொல்லவில்லை.

போர்ட் பிளேர் கோவில் திருக்கல்யாணத்துக்கு நாங்கள் அதற்குப் பிறகு போகவில்லை, அவர்கள் கூப்பிடவும் இல்லை. கோவில் வளர்ந்தது. தகரம் போய்க் கோபுரம் வந்தது. பாருல் வீட்டு வரப்பு மூங்கில் அப்படியே இருந்தது. காண்ட்ராக்டர் லாரிக்கு வேறு வழி பார்த்துக்கொண்டார். சில வருஷம் கழித்து எனக்குக் கட்சாலுக்கு மாற்றல் வந்தது. காண்ட்ராக்டர் சொல்லித்தான் வந்தது என்று பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரியாது. மாற்றல் எல்லோருக்கும்தான் வருகிறது. ஆனால் நிக்கோபாரில் ஒரு மூலைத் தீவுக்கு ஆளை அனுப்பிவிட்டதாக அவர் சந்தோஷப்பட்டிருந்தால் அந்தச் சந்தோஷத்தை நான் கெடுப்பானேன்.

செல்லையா அதே டிரங்குப் பெட்டியோடு கூடவே வந்தார். கட்சாலில் ரப்பர்த் தோட்டம். சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இந்தியா என்று சொல்லிக் கப்பலேற்றி, மெயின்லாண்டில் கொஞ்ச நாள் வைத்திருந்து, பிறகு இங்கே கொண்டுவந்து இறக்கியவர்கள் அங்கே வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் இருந்தார்கள். தாய்நாட்டுக்குத் திரும்பிவிட்டார்கள் என்று அதற்குப் பெயர். திரும்பியவர்களில் பாதிப் பேர் அதற்கு முன் தாய்நாட்டைப் பார்த்ததே கிடையாது. அவர்களுக்கும் முருகன்தான். ஆனால் கதிர்காமத்து முருகன். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு கொட்டகை போட்டு, அதில் ஒரு துணித்திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். திரையில் மயில் வரைந்திருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று முத்தாயி என்ற பால் வெட்டுகிற பெண்ணிடம் கேட்டேன். அவளுக்குப் பிரசவம் பார்க்கப் போய்ப் பழக்கம்.

"அத கேக்கக் கூடாதுங்க தாயி. தெறந்து பாக்கவும் கூடாது. அங்கயும் அப்புடித்தான்."

உருவமும் இல்லை, மீசையும் இல்லை, கோவணமும் இல்லை. இதுதான் எனக்குச் சரிப்பட்ட சாமி என்று நினைத்துக்கொண்டேன். சண்டை போடக் காரணமே வைக்காத சாமி. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே கற்பூரம் காட்டினார்கள். தட்டை என் கையில் கொடுத்தார்கள். பிள்ளை பெற்றவளா என்று யாரும் கேட்கவில்லை; பிரசவம் பார்க்கிறவள் என்பதே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. கும்பிட்டு முடிந்ததும் எல்லோரும் கடல் பக்கம், மேற்கே திரும்பி நின்று இன்னொரு முறை கும்பிட்டார்கள். அந்தத் திசையில்தான் கதிர்காமம் என்றாள் முத்தாயி.

"ஒங்க ஊரு எந்தப் பக்கமுங்க தாயி?"

"அதே பக்கந்தான்," என்றேன். "ஒங்க ஊரத் தாண்டி."

அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடலைப் பார்த்தாள், தாண்டி இருப்பதும் தெரியுமோ என்பதுபோல. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப ஏந்தாயி அந்தாண்ட திரும்பி நிக்கிறீங்க?"

குனிந்து என் காலைப் பார்த்தேன். எல்லோரும் மேற்கே பார்த்துக் கைகூப்பியிருக்க, என் பாதம் இரண்டும் வடக்கே, பெரார்கஞ்ச் இருக்கும் திசையில் ஊன்றியிருந்தன. கழுத்தை மட்டும் மேற்கே திருப்பி, தட்டைப் பிடித்துக்கொண்டு, அந்த ரப்பர்க் காட்டில் நின்றிருந்தேன். கற்பூரம் அணையும் வரை எந்தப் பக்கமும் முழுசாகத் திரும்ப முடியவில்லை.